மட்டக்களப்பு வாவி புகட்டும் சூழலியற் பாடம்

மட்டக்களப்பு நாட்டவர் தம் நிலத்தை இரண்டாகப் பகுத்து வழங்குவர். வாவிக்குக் கிழக்கே கடலை நோக்கிக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய் விரிந்து கிடக்கும் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு அமைந்த பெயர்கள் இவை. இவ்விரு கரைகளையும் பிரிப்பதும் வாவியே, இணைப்பதும் வாவியே. புளியந்தீவில் அமைந்த பட்டினத்துக்கு எதிரே, எழுவான்கரையில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் இருப்பது கல்லடி. அவ்வூருக்கு ஒருபுறம் என்றும் உவர்ப்பு மாறாத கடல்; மறுபுறம் பருவத்துக்கேற்பத் தன் சுவையை மாற்றிக்கொள்ளும் களப்பு நீர்.

நேயர்களே, சூழலியல் என்பது இன்று பள்ளி மாணவரும் பயிலும் ஓர் அறிவுத்துறை. அதன் அடிப்படைக் கருத்துகளைப் பாடநூலிற் படிக்கும் மாணவர் பலர், அவற்றைத் தொலைதூர நாடுகளின் காடுகளுக்கும் ஏரிகளுக்கும் உரியனவாகவே எண்ணிக்கொள்கின்றனர். வீட்டு வாயிலுக்கு எதிரே கிடக்கும் நீர்ப்பரப்பு அக்கருத்துகள் அனைத்தையும் எடுத்துக்காட்ட வல்லது என்பதை அவர் நினைப்பதில்லை. ஆதலின், சூழலியல் பிறந்து வளர்ந்த வரலாற்றையும் மட்டக்களப்பு வாவியின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவோம். அவ்வாறு நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். இந்த வாவியின் வாழ்வு, நன்னீரும் உவர்நீரும் தம்முள் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கலில் தங்கியுள்ளது; மனிதன் இங்கே செய்யும் ஒவ்வொரு செயலும் அந்தக் கொடுக்கல் வாங்கலில் தலையிடுவதாகவே முடிகின்றது.

முதலில் வாவியின் இயல்பை அறிந்துகொள்வோம். களப்பு என்னுஞ் சொல் கடலை அடுத்துக் கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பைக் குறிக்கும். அச்சொல் மட்டக்களப்பு என்ற பெயரிலேயே பொதிந்துள்ளது. வடக்கே ஏறாவூர், செங்கலடிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு இவ்வாவி நெளிந்து செல்கின்றது. நீளம் இத்துணையாயினும் ஆழம் மிகக் குறைவு. மிக ஆழமான இடத்திலும் நான்கு மீற்றரளவே காணப்படும். மேற்கிலிருந்து முந்தனையாறு முதலிய ஆறுகளும் ஓடைகளும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கிழக்கிலே பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்கள் வழியே கடல்நீர் உட்புகுகின்றது.

இம்முகத்துவாரங்கள் எக்காலமும் திறந்திருப்பன அல்ல. கடலலை கரையோரமாக மணலை இழுத்துவந்து வாயிலிற் குவிக்கின்றது. ஆற்றுவெள்ளமோ அம்மணலை அரித்துக் கடலுக்குத் தள்ளுகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும் மாரிக்காலத்தில், அதாவது ஒக்டோபர் தொடங்கிச் சனவரி, பெப்ரவரி வரை, வெள்ளத்தின் கை ஓங்கும்; வாயில் திறக்கும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் ஆற்றுநீர் குன்ற, அலையின் கை ஓங்கும். மணல்மேடு எழுந்து வாயிலை அடைத்துவிடும். ஆயிரம் பங்கு கடல்நீரில் ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. வாவிநீரின் உப்போ இடத்துக்கு இடமும் மாதத்துக்கு மாதமும் வேறுபடும். முகத்துவாரத்தை அடுத்துக் கடலை ஒத்த உவர்ப்பும், ஆறு வந்து விழும் மேற்பகுதிகளில் ஏறக்குறைய நன்னீரும், இடையே இரண்டும் கலந்த நீரும் காணப்படும். இந்த ஏற்றத்தாழ்வை நினைவிற் கொள்க; பின்னர்க் கூறப்போவன யாவும் இதனைப் பற்றியே நிற்கும்.

இனி, சூழலியல் என்ற துறையின் பிறப்பை நோக்குவோம். 1866 ஆம் ஆண்டிலே ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் என்னும் ஜேர்மன் நாட்டு உயிரியலறிஞர், வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து இத்துறைக்கு ஒரு பெயரை அமைத்தார். உயிர்கள் தாம் வாழும் வீட்டோடும், அவ்வீட்டில் உடன் வாழும் பிற உயிர்களோடும் கொண்டுள்ள உறவை ஆராய்வதே இத்துறையின் வேலை என்பது அவர் கருத்து. பெயரிட்டுப் பதினைந்து ஆண்டுகள் சென்றபின், 1881 ஆம் ஆண்டின் இறுதியில், அவர் நம் இலங்கைத் தீவுக்கே வந்தார். தென்கரையிலுள்ள வெலிகமத்தில் தங்கிக் கடலுயிர்களைத் திரட்டி ஆராய்ந்தார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் ஐரோப்பாவிற் பலராலும் விரும்பிப் படிக்கப்பட்டது.

1877 இல் கார்ல் மோபியஸ் என்னும் மற்றொரு ஜேர்மன் அறிஞர் சிப்பிப் படுகைகளை ஆராய்ந்தார். சிப்பியை மட்டும் தனியே எண்ணிப் பயனில்லை. அதனோடு ஒரே படுகையில் வாழும் புழு, நண்டு, மீன், பாசி ஆகிய யாவும் சேர்ந்து ஒரு சமுதாயம் போன்று இயங்குகின்றன என்று அவர் கண்டார். நம் பாடநூல்கள் சாகியம் என்று குறிப்பது இத்தகைய கூட்டத்தையே. இதற்கு மேலும் ஒரு படி சென்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் டான்ஸ்லி. உயிர்களை மட்டுமன்றி, அவற்றைச் சூழ்ந்துள்ள நீர், மண், காற்று, வெப்பம், ஒளி ஆகிய உயிரற்ற பொருள்களையும் சேர்த்து ஒரே தொகுதியாகக் கொள்ளவேண்டும் என்று 1935 இல் அவர் எழுதினார். சூழற்றொகுதி என்று நாம் வழங்குவது அவர் தந்த கருத்தே. அவரும் 1900, 1901 ஆம் ஆண்டுகளில் இலங்கை, மலாய்த் தீபகற்பம், எகிப்து ஆகிய நாடுகளைச் சுற்றிப் பார்த்துச் செடிகொடிகளை ஆராய்ந்தவர். இத்துறையின் இரு பெருஞ் சொற்களையும் ஆக்கியோர் இருவரும் இத்தீவின் மண்ணை மிதித்தவர் என்பது நம் மாணவர் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இக்கருத்து முற்றிலும் அயலாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, புள், உணவு, தொழில் முதலியன கருப்பொருள் என்றும் தொல்காப்பிய மரபு வகுத்தது. நெய்தலின் புள்ளும் பூவும் வேறு. மருதத்தின் புள்ளும் பூவும் வேறு. இது செய்யுளுக்கு வகுத்த இலக்கணம். அளந்தும் எண்ணியும் நிறுவிய விஞ்ஞானம் அன்று. ஆயினும், நிலத்தோடு உயிரையும் உயிரோடு தொழிலையும் சேர்த்துக் காணும் பழக்கம் தமிழர்க்குத் தொன்றுதொட்டே உண்டு என்பதற்கு அது சான்று. எழுவான்கரையில் நெய்தலும் படுவான்கரையில் மருதமும் நிற்க, இரண்டும் கைகோக்கும் இடமாக நடுவே வாவி கிடக்கின்றது.

சூழற்றொகுதி எவ்வாறு இயங்குகின்றது என்பதை இனிக் காண்போம். வாவிநீரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. ஆழமற்ற அடித்தரையிலே கடற்புல் வளர்கின்றது. கரையிலே கண்டல், கண்ணா, தில்லை முதலிய மரங்கள் நிற்கின்றன. இவை யாவும் ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்வன. ஆதலின் உற்பத்தியாக்கிகள் எனப்படும். பாசியை உண்ணும் நுண்ணிய விலங்குகளும், அவற்றை உண்ணும் சிறுமீன்களும், சிறுமீனை விழுங்கும் கொடுவாவும், அதனை வலையில் வீழ்த்தும் மனிதனும் நுகரிகள். உதிர்ந்த கண்டலிலையையும் இறந்த உடல்களையும் சிதைத்து மீண்டும் மண்ணுக்கும் நீருக்கும் உரமாக்கும் பற்றீரியாக்களும் பூஞ்சணங்களும் பிரிகையாக்கிகள். வாவிக்கரைச் சேற்றிலிருந்து எழும் மணத்தைக் கண்டு மூக்கைப் பொத்துவோர், அங்கே நடைபெறும் பெருந்தொழிலை அறியாதவராவர். அத்தொழில் ஒரு பருவம் நின்றாலும் அடுத்த பருவத்துக்கு உணவு இராது.

உண்பதும் உண்ணப்படுவதுமாகிய இத்தொடரை உணவுச் சங்கிலி என்று 1927 இல் வெளியிட்ட தமது நூலில் விளக்கியவர் சார்ள்ஸ் எல்ற்றன். சங்கிலியின் அடியில் உயிர்கள் பலவாகவும், மேலே செல்லச் செல்லச் சிலவாகவும் இருப்பதை அவர் ஒரு கூம்பகமாக வருணித்தார். அதன் காரணத்தைக் கணக்கிட்டுக் காட்டியவர் ரேமண்ட் லின்டமன் என்னும் அமெரிக்க இளைஞர். மின்னசோற்றா மாநிலத்திலுள்ள ஒரு சிறிய ஏரியை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த அவர், ஓர் உயிர் பெற்ற சத்தியின் பெரும்பகுதி அவ்வுயிர் வாழ்வதிலேயே செலவாகிவிடுகின்றது என்றும், சிறுபகுதியே அதனை உண்ணும் உயிருக்குச் சென்று சேர்கின்றது என்றும் நிறுவினார். அக்கட்டுரை அச்சேறிய 1942 ஆம் ஆண்டிலேயே, அச்சிற் காணுமுன், 26 வயதில் அவர் மறைந்தார்.

படிக்குப் படி பத்தில் ஒரு பங்கே செல்கின்றது எனப் பொதுவாகக் கொள்வோமாயின் கணக்கு எளிது. பத்தாயிரம் கிலோ பாசி ஆயிரம் கிலோ நுண்விலங்கைத் தாங்கும்; அது நூறு கிலோ சிறுமீனைத் தாங்கும்; அது பத்துக் கிலோ கொடுவாவைத் தாங்கும். சந்தையில் ஒரு கொடுவா மீன் ஏன் விலையேறியது என்பதற்கு வணிகர் கூறும் காரணத்துக்கு அடியிலே இக்கணக்கும் உண்டு. அடியிலுள்ள பாசியும் கடற்புல்லும் குன்றினால் உச்சியிலுள்ள மீன் முதலிற் குன்றும். வலையின் கண்ணைச் சிறிதாக்கி மீன்குஞ்சுகளையும் வாரிக்கொள்வதால் அக்குறையை ஈடுசெய்ய முடியாது.

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்று போற்றுவர். அமைதியான நிலவிரவில், கல்லடிப் பாலத்தை அடுத்த நீரிலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறு முனையைச் செவியிலும் வைத்துக் கேட்டால் மெல்லிசை போன்ற ஒலி கேட்கும் என்பது நெடுங்கால வழக்கு. இலங்கையின் குடியேற்றச் செயலாளராகப் பணிபுரிந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், 1848 செப்டெம்பரில் இவ்வொலியைத் தாமே கேட்டு, 1859 இல் வெளிவந்த தமது நூலிற் பதிந்தார். ஒலி மீனிலிருந்து வருவதன்று, ஊரி என்னும் சிறு சங்கினத்திலிருந்து வருகின்றது என்று அவ்விடத்து மீனவர் அவருக்குக் கூறினர். விபுலாநந்த அடிகளார் இவ்வொலியை நீரரமகளிரின் இசையாகக் கொண்டு பாடல் இயற்றினார். 1960களில் லாங் அடிகளாரின் துணையோடு இவ்வொலி பதிவு செய்யப்பெற்று இலங்கை வானொலி வழியே ஒலிபரப்பாயிற்று.

பாடுவது மீனோ ஊரியோ என்று வாதிடுவது ஒருபுறம் இருக்க, சூழலியல் மாணவர் கவனிக்கவேண்டியது வேறொன்று. இவ்வொலி வாவி முழுவதிலும் கேட்பதில்லை. குறித்த சில இடங்களில், குறித்த பருவத்தில், நீர் அசைவற்றிருக்கும் வேளையிலேயே கேட்கின்றது. எந்த உயிர் எழுப்பும் ஒலியாயினும், அவ்வுயிருக்கு ஏற்ற ஆழமும் உவர்ப்பும் அடித்தரையும் அங்கு அமைந்திருத்தல் வேண்டும். ஓர் உயிருக்கு ஏற்ற இத்தகைய இடத்தையே வாழிடம் என்கிறோம். வாழிடம் மாறினால் உயிர் இடம்பெயரும் அல்லது அழியும். இயந்திரப் படகின் இரைச்சலும் சேறும் கழிவும் பெருகினால், எவ்வளவு புகழ்பெற்ற பாட்டாயினும் நின்றுவிடும்.

விபுலாநந்தர் பெயரை இங்கே எடுத்தது பொருத்தமே. காரைதீவிலே 1892 இல் பிறந்த அவர், யாழ் நூலை அருளிய தமிழறிஞர் மட்டுமல்லர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். கல்லடி உப்போடையில் 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1930களில் சென்னையிலே விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 1947 இல் மறைந்த அவருடைய சமாதி கல்லடி உப்போடையிலேயே உள்ளது. வாவியின் இசையைப் பாட்டாகக் கேட்ட ஒருவரே, அதனை விஞ்ஞானமாக ஆராய்வதற்கு வேண்டிய தமிழ்ச் சொற்களுக்கும் வழிசெய்தார். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இனி, வரம்புக் காரணி என்னுங் கருத்துக்கு வருவோம். செடியின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது மிகுதியாயுள்ள சத்து அன்று, மிகக் குறைவாயுள்ள சத்தே என்பது 19 ஆம் நூற்றாண்டில் லீபிக் என்னும் இரசாயன அறிஞர் பரப்பிய கொள்கை. குறைவு மட்டுமன்று, மிகையும் உயிருக்கு எல்லையிடும் என்று 1913 இல் ஷெல்போர்ட் என்பவர் அதனை விரித்தார். வாவியில் அவ்வெல்லையை வகுப்பது பெரும்பாலும் உப்பே. ஆகாயத்தாமரை என்றும், கிழக்கிலங்கையில் ஆற்றுவாழை என்றும் வழங்கப்பெறும் நீர்ச்செடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தென்னமெரிக்காவுக்குரிய அச்செடி, அதன் பூவின் அழகுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது பெருகிய வேகத்தைக் கண்டு அஞ்சிய அரசு 1909 இலேயே அதற்கெதிராகச் சட்டம் இயற்ற நேர்ந்தது. எனினும் அதற்கு உப்பு ஆகாது. கடல்நீர் தாராளமாக உலவும் இடத்திலே அது கருகிவிடும். உப்புக் குன்றி உரம் மிகுந்த இடத்திலே பாய்போல் விரிந்து நீரை மூடும். வாவியின் தென்பகுதியில், கிட்டங்கிப் பக்கத்திலே அது திரண்டு நீரோட்டத்தையும் தோணியையும் தடுப்பதை அங்குள்ளோர் நன்கறிவர். ஆற்றுவாழை செழித்து வளரும் இடம், கடலின் கை எட்டாத இடம் என்று கொள்ளலாம்.

இறாலின் வாழ்வு இதற்கு நேர்மாறான பாடத்தைப் புகட்டும். வாவியிற் பிடிபடும் பேரினத்து இறால்கள் பல, வாவியிலே முட்டையிடுவன அல்ல. தாயிறால் கடலிலே முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் நீரோட்டத்தோடு முகத்துவாரம் வழியே வாவிக்குள் வந்துசேரும். கண்டல் வேர்களின் இடுக்கிலும் கடற்புல்லின் நிழலிலும் பகைக்கு ஒளிந்து, மக்கிய இலையை உண்டு வளரும். பருவமடைந்ததும் மீண்டும் கடலுக்குச் செல்லும். நண்டும் மீனினங்கள் சிலவும் இவ்வாறே கடலுக்கும் வாவிக்கும் இடையே சென்று வருவன. ஆகவே வாவி ஒரு வளர்ப்பு மனை. முகத்துவாரம் அதன் வாயில். வாயில் அடைபட்டாலும் குற்றம். மனையிலுள்ள கண்டலை வெட்டினாலும் குற்றம். மண்டூர் முருகன் கோயிலைத் தில்லைமண்டூர் என்று வழங்கும் பெயரிலே வாவிக்கரைத் தில்லைமரத்தின் நினைவு இன்னும் உயிர் வாழ்கின்றது. ஆனால் விறகுக்காகவும், நிலம் நிரப்புவதற்காகவும், பின்னர்ப் போர்க்காலத்திற் காவல் நோக்கத்துக்காகவும் வாவிக்கரையின் கண்டற்காடுகள் பல இடங்களில் வெட்டுண்டன.

இவ்வளவும் அறிந்தபின் வாவிக்கரையின் பழைய வழக்கொன்றை எடுத்துக்கொள்வோம். மாரி கடுமையாகி வெள்ளம் திரளுமிடத்து, முகத்துவாரத்து மணல்மேட்டை மனிதர் வெட்டிவிடுவது உண்டு. வெட்டாவிடில் படுவான்கரை வயலும் தாழ்ந்த குடியிருப்பும் நீரில் அமிழும். நட்ட பயிர் பல நாள் நீருள் நின்றால் அழுகும். ஆகவே விரைவில் வெட்டுக என்பர் உழவர். மீனவரோ, காலத்துக்கு முன்னே வெட்டினால் வாவிநீர் வடிந்து வளர்ச்சி முற்றாத இறாலும் மீனும் கடலுக்கு அடித்துச் செல்லப்படும்; அவ்வாண்டு உழைப்பு வீண் என்பர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இருவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஒரே நீர் ஒருவனுக்கு வெள்ளமாகவும் மற்றவனுக்கு விளைநிலமாகவும் இருப்பதால் எழும் வழக்கு இது.

இவ்வழக்கை எவ்வாறு தீர்ப்பது? நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தால் எத்தனை ஏக்கர் வயல் அமிழும், இறால் எந்த மாதத்தில் எந்த அளவு வளர்ச்சி அடையும், வெட்டிய வாயில் எத்தனை நாளில் மீண்டும் மணலால் மூடும் என்னும் கேள்விகளுக்கு அளந்து பெற்ற விடை வேண்டும். அவ்விடையை இரு கரையாரும் ஒருங்கே அமர்ந்து கேட்டு முடிவு செய்தல் வேண்டும். சூழலியல் என்பது மரத்தையும் பறவையையும் நேசிக்கும் நல்லுணர்வு மட்டும் என்று எண்ணுவோர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குக. உழவனும் மீனவனும் ஒரே சூழற்றொகுதியின் உறுப்பினர் என்பதைக் கணக்கோடு எடுத்துக்காட்டும் விஞ்ஞானம் அது.

அரசியல் வரலாற்றிலும் இம்மணல்மேட்டுக்கு இடம் உண்டு. 1602 இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கியே கண்டி மன்னனைக் காணச் சென்றார். 1628 இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பத்தாண்டு கழிந்து 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். எனினும் வாயிலில் மணலும் உள்ளே ஆழமின்மையும் இருந்தமையால், பெருங்கப்பல் உள்நுழையும் துறைமுகமாக இவ்விடம் வளரவில்லை. அப்பெருமை திருகோணமலைக்கே சென்றது. ஆறும் அலையும் சேர்ந்து ஒரு நகரின் அளவைத் தீர்மானித்தன எனலாம்.

பட்டினத்தையும் கல்லடியையும் இணைக்கும் இரும்புப் பாலம் 1924 இல் திறக்கப்பெற்று, அப்போதைய ஆள்பதியின் துணைவியார் பெயரால் மானிங் சீமாட்டி பாலம் எனப்பட்டது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் அது சுமை தாங்கியபின், யப்பானிய உதவியுடன் கட்டிய புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. தெற்கே மண்முனையில் மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்ற படகுப் பாதைக்கு மாற்றாக 2014 இல் பாலம் வந்தது. போக்குவரத்து பெருகக் குடியிருப்பும் பெருகும். குடியிருப்பு பெருகக் கழிவும் பெருகும். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களின் வடிநீரும் ஈற்றில் வாவியையே சேர்கின்றது. அவ்வடிநீரில் நைதரசனும் பொசுபரசும் கலந்த செயற்கையுரம் கரைந்து வரும். உரம் வயலிற் செய்யும் வேலையையே வாவியிலும் செய்யும். பாசி அளவுக்கு மீறிப் பெருகும். அது மடிந்து அழுகுமிடத்து நீரிலுள்ள ஒட்சிசன் செலவாகும். மீன் மூச்சின்றி மிதக்கும். நற்போசணையாக்கம் என்று பாடநூல் கூறுவது இதனையே. உணவு மிகுந்தமையால் வரும் பஞ்சம் என்று இதனைக் கூறினும் பொருந்தும்.

இயற்கையின் சீற்றமும் இவ்வாவிக்குப் புதிதன்று. 1978 நவெம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளி கிழக்கிலங்கையில் ஏறத்தாழ 900 உயிர்களைப் பலிகொண்டு, தென்னந்தோட்டங்களை வேரோடு சாய்த்தது. 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை கல்லடி, திருச்செந்தூர், நாவலடி ஆகிய கடலோர ஊர்களைச் சூறையாடியது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்து நின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டில் அமைந்த நாவலடி பட்ட துயரை அளவிட்டுரைக்க இயலாது. 2011 சனவரியில் வந்த பெருவெள்ளத்திலும் மட்டக்களப்பு மாவட்டம் பெரிதும் தாக்குண்டது. இவற்றுள் எதனையும் மனிதன் தடுத்திருக்க முடியாது. ஆனால் அலையும் ஆறும் ஆக்கிய மணற்றிட்டு, அலையும் ஆறும் மாற்றக்கூடிய நிலம் என்பதை உணர்ந்து குடியமைத்தல் மனிதன் கையில் உள்ளது. கரையிலே கண்டலையும் மணல்மேட்டையும் அழியாது வைத்தலும் அவ்வாறே. குழப்பத்துக்குப் பின் வெற்றுச்சேற்றில் முதலில் சில செடிகள் வேரூன்றி, மண்ணைப் பிடித்து, பிற செடிகளுக்கு இடம் செய்யும். வழிமுறை வளர்ச்சி எனப்படும் இவ்வொழுங்கு நடைபெறுவதற்குக் காலமும் விதைதரும் தாய்மரமும் வேண்டும். தாய்மரம் ஒன்றும் எஞ்சாத இடத்தில் காடு தானாக மீளாது. அங்கே மனிதன் நட்டாலன்றி வேறு வழியில்லை.

நாடும் உலகமும் இதனை மெல்ல உணர்ந்து வருகின்றன. ஈரநிலங்களைக் காப்பதற்கான அனைத்துநாட்டு உடன்படிக்கை 1971 இல் ஈரானிலுள்ள ராம்சார் நகரில் கையெழுத்தாயிற்று. இலங்கை 1990 இல் அதிற் சேர்ந்தது. தேசிய சுற்றாடற் சட்டம் 1980 இலும், கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981 இலும் இயற்றப்பட்டன. நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் 2015 இல் அறிவிக்கப்பட்டது. சட்டம் கொழும்பில் எழுதப்படலாம். அது நிறைவேறுமோ இல்லையோ என்பது பாலமீன்மடுவிலும் மண்டூரிலும் கல்லாற்றிலும் தீர்மானமாகும்.

மாணவ நேயர்களே, வாவிக்கரைப் பள்ளிகளுக்கு ஒரு பணி உண்டு. முகத்துவாரம் ஆண்டுதோறும் எந்நாளில் திறந்தது, எந்நாளில் மூடியது என்பதை ஒரு குறிப்பேட்டிற் பதிந்து வருக. மாதம் ஒருமுறை குறித்த ஓரிடத்தில் நீரின் உவர்ப்பையும் வெப்பத்தையும் அளந்து எழுதுக. சந்தைக்கு வந்த மீனினங்களின் பெயரை மீனவர் வாயாற் கேட்டு, அவர் வழங்கும் சொல்லாலேயே குறித்துக்கொள்க. அச்சொற்களும் வாவியின் செல்வமே. ஓராண்டுக் குறிப்பு சிறு பயனே தரும். இருபது ஆண்டுக் குறிப்பு உழவர்க்கும் மீனவர்க்கும் இடையே நின்று தீர்ப்புக் கூறவல்ல சான்றாகும். லின்டமன் தம் ஏரிக்குச் செய்ததும் இதுவே. விலையுயர்ந்த கருவிகள் இதற்கு வேண்டா. தவறாத வருகையும் பொய்யாத எழுத்துமே வேண்டும்.

படுவான்கரையின் வயலுக்கும் எழுவான்கரையின் வலைக்கும் வாவி ஒன்றே. அதன் வாயிலை எந்நாளில் திறப்பது என்று முடிவு செய்யும் உரிமை நம் கையில் உள்ளது. அவ்வுரிமையை அறிவோடு செலுத்தும் தலைமுறை, இன்று பள்ளிக்கூடங்களில் இப்பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கின்றது.